கப்பலில் அறையும் தளமும்

கடற்பயணம் புறப்படுகிறவர் முன் கப்பல் நிறுவனம் இரண்டு விலைகளை வைக்கிறது. ஒன்று, கரையிலிருந்து கரைக்குக் கொண்டு சேர்க்கும் விலை. மற்றொன்று, அதே கப்பலில், அதே நாளில், அதே துறைமுகத்திற்குக் கதவடைத்த ஓர் அறைக்குள் இருந்து செல்வதற்கான விலை. பின்னது முன்னதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருக்கும். இருவரும் இறங்குவது ஒரே துறையில், ஒரே வேளையில். அப்படியாயின் இடைப்பட்ட அந்தத் தொகைக்கு நாம் பெறுவதுதான் என்ன? சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறும் குடும்பங்கள் இன்றும் இக்கேள்வியைக் கேட்கின்றன. ஜித்தாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம் முன்னோர் கேட்டதும் இதையே. அவர்களுக்கும் ஆறு நூற்றாண்டுகள் முன்பே, கள்ளிக்கோட்டைக் கடற்கரையில் நின்று இதே கேள்வியை எழுப்பிய ஒருவரின் வரலாறு நமக்கு எழுத்தில் கிடைத்துள்ளது.

கள்ளிக்கோட்டையில் ஓர் அறை

அவர் மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா. ஹிஜ்ரி 743இல், அதாவது கி.பி. 1342இல், டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனப் பேரரசருக்குரிய காணிக்கைகளுடன் டில்லியை விட்டுப் புறப்பட்டவர், மலபார் கரை வந்து சேர்ந்தார். அப்போது கள்ளிக்கோட்டைத் துறையில் 13 சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றில் பெரியதை ‘ஜுன்க்’ என்றும், நடுத்தரமானதை ‘ஸவ்’ என்றும், சிறியதை ‘ககம்’ என்றும் அவர் குறிக்கிறார். பெரிய கப்பலுக்கு நான்கு தளங்கள். வணிகர்களுக்கென அதில் தனியறைகள் உண்டு. அவ்வறைக்கு அவர் ஆளும் அரபுச் சொல் ‘மிஸ்ரிய்யா’. அதனுள் சிற்றறைகளும் கழிப்பிடமும் இருக்கும். கதவுக்குத் திறவுகோலும் உண்டு. கழிப்பிடத்திற்கு அவர் எழுதும் ‘ஸன்டாஸ்’ என்னும் சொல், உருது பேசும் நம் குடும்பங்களுக்கு இன்றும் பழகிய சொல்லேயாகும். அவ்வறையில் இருப்பவர் யாரென்று அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரியாமற் போவதும் உண்டாம். ஏதேனும் ஓர் ஊரில் இறங்கும்போதுதான் ஒருவரையொருவர் காண்பர்.

இப்னு பதூதா தமக்கெனத் தனியறை வேண்டுமென்று கேட்டார். தம்முடன் அடிமைப் பெண்கள் வருவதை அதற்குக் காரணமாகச் சொன்னார். ஆனால் சீன வணிகர்கள் போக வரவுக்குச் சேர்த்து அறைகளை எல்லாம் முன்பே வாடகைக்கு எடுத்துவிட்டனர். கப்பல் முகவர் தம் மருமகனுக்குரிய அறையொன்றைத் தர முன்வந்தார். அதில் கழிப்பிடம் இல்லை. வேறு வழியின்றி இப்னு பதூதா அதை ஏற்றுப் பொருள்களையும் ஆட்களையும் கப்பலேற்றினார். தாம் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய பணியாள் வந்து, அறை சிறியது, ஏற்றதன்று என்று முறையிட்டான். கப்பல் தலைவரோ, பெரிய கப்பலில் வேறு அறை இல்லை, ககமில் விரும்பிய அறையைக் கொள்ளலாம் என்று கூறினார். உடனே பெண்களும் பொருள்களும் சிறு கப்பலுக்கு மாற்றப்பட்டனர்.

அன்று பிற்பகல் கடல் கொந்தளித்தது. இப்னு பதூதாவால் கப்பலேற இயலவில்லை. காணிக்கைகளை ஏற்றியிருந்த பெரிய கப்பலைப் புயல் கரையோரம் மோதி உடைத்தது. அதில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். அவருடன் தூதுக்குழுவில் வந்த பெரியோரின் உடல்கள் கரையில் ஒதுங்கின. இதைக் கண்ட ககம் கப்பலார் பாய் விரித்துக் கடலுக்குள் சென்றுவிட்டனர். அவருடைய உடைமையெல்லாம் அதனுடன் போயிற்று. கரையில் அவரிடம் எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்புமே. அந்தக் கப்பல் சுமத்ராவை அடைந்ததும், பொருள்கள் பறிபோனதும், பெண்கள் பிறர் கைக்குச் சென்றதும், அவர்களில் கருவுற்றிருந்த ஒருத்தி இறந்ததும் பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தன.

இதனை ஊழின் விளையாட்டு என்று மட்டும் படித்துவிட்டுப் போவது பொருந்தாது. அறையைப் பற்றிய ஒரு தெளிவு இதில் உண்டு. திறவுகோலுள்ள கதவும், பிறர் கண்ணுக்குப் படாத வாழ்வும், அருகிலேயே கழிப்பிடமும் அன்றும் விலைக்குக் கிடைத்தன, இன்றும் கிடைக்கின்றன. கப்பல் கரை சேரும் என்னும் உறுதி அன்றும் விற்பனைக்கு இல்லை, இன்றும் இல்லை. உடைந்த கப்பலில் அறைக்குள் இருந்தவரும் வெளியில் இருந்தவரும் ஒருங்கே மூழ்கினர்.

அதிகாரிகள் கைவிட்ட கப்பல்

நீராவிக் கப்பல்களின் காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. 1880 ஜூலையில் ‘ஜித்தா’ என்னும் பெயருடைய கப்பல் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கடும் கொந்தளிப்பில் கொதிகலன்கள் நிலை பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள் இரவில் கப்பல் தலைவர் தம் மனைவியுடனும் முதன்மை அதிகாரிகளுடனும் படகேறி வெளியேறினார். வழியில் வந்த வேறொரு கப்பல் அவர்களை ஏற்றி ஏடனில் இறக்கிற்று. கப்பல் மூழ்கிவிட்டது, பயணிகள் மாண்டனர் என்று அவர்கள் செய்தி கூறினர். மறுநாளே அந்தக் கப்பல், ‘ஆன்டெனார்’ என்னும் மற்றொரு கப்பல் இழுத்துவர, பயணிகளுடன் ஏடன் துறைக்குள் வந்து நின்றது! பயணிகள் இடைவிடாது நீரிறைத்துக் கப்பலைக் காத்திருந்தனர். விசாரணையில் கப்பல் தலைவரின் உரிமம் மூன்றாண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜோசப் கான்ராடின் ‘லார்டு ஜிம்’ நாவலுக்கு இந்நிகழ்ச்சியே வித்து.

ஆகவே உயிர்க்காப்பை எண்ணி அறைக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. கப்பலின் உறுதி, ஏற்றப்படும் தொகை, பருவம் ஆகியனவே அதை முடிவு செய்பவை. 1183இல் ஐதாப் துறையிலிருந்து செங்கடலைக் கடந்த இப்னு ஜுபைர், அங்குள்ள படகுக்காரர்கள் ஹாஜிகளை ஒருவர் மேல் ஒருவராக அடைத்து ஏற்றிய கொடுமையை வேதனையுடன் பதிவு செய்திருக்கிறார். பயணிகளின் தொகைக்குச் சட்டத்தால் வரம்பிட்டதுதான் பிற்காலத்தில் ஏழைப் பயணிக்குக் கிடைத்த மெய்யான காப்பு.

மஹ்மில் தரும் ஒப்புமை

அப்படியாயின் அறை வீண் ஆடம்பரமா? ஃபிக்ஹு நூல்கள் அவ்வாறு கூறவில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் கடற்கரை ஊர் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல். ஹஜ் கடமையாவதற்கு வேண்டிய சக்தியை விளக்கும் இடத்தில், வழியுணவும் வாகனமும் வேண்டும் என்பதோடு அது நிற்பதில்லை. ஒட்டகத்தின் வெறும் முதுகில் அமர்ந்து செல்வது ஒருவருக்குக் கடுந்துன்பம் தருமாயின், அவருக்கு ‘மஹ்மில்’ கிடைத்தால்தான் ஹஜ் கடமையாகும் என்கிறது. மஹ்மில் என்பது ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் இருக்கைக் கூடாரம். அதன் ஒரு பக்கத்தில் ஒருவர் அமர்ந்தால் மறுபக்கத்தில் மற்றொருவர் அமர வேண்டும், இல்லையேல் சாயும். ஆகவே அந்த மறுபக்கத்துத் துணையும் கிடைக்க வேண்டும் என்று அதே இடத்தில் நிபந்தனை வருகிறது. பெண்களுக்கோ, மறைவு கருதி, துன்பம் உண்டா என்று பாராமலே மஹ்மில் வேண்டும் என்பது அறிஞர்களின் விளக்கம்.

கப்பல் அறையைக் கடலின் மஹ்மில் எனலாம். இது ஃபத்வாவன்று, ஓர் ஒப்புமையே. எனினும் இதிலிருந்து பெறத்தக்க பாடம் பெரிது. வாகனத்தின் தரத்தைப் பயணியின் செல்வத்தைக் கொண்டு அவர்கள் அளக்கவில்லை; அவருடைய உடலையும் நிலையையும் கொண்டே அளந்தார்கள். திடகாத்திரமான செல்வந்தருக்கு மஹ்மில் நிபந்தனையன்று. தளர்ந்த முதியவருக்கு, அவர் ஏழையாயினும், அது நிபந்தனை.

எந்தப் பருவம், எந்தப் பணம்

1877இல் பம்பாயில் தோன்றிப் பின்னர் முகல் லைன் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் கப்பல்களே நெடுங்காலம் நம் ஹாஜிகளைச் சுமந்தன. ரயிலில் பம்பாய் சென்று, சாபூ சித்தீக் முஸாஃபிர்கானா போன்ற விடுதிகளில் தங்கி, அங்கிருந்து கப்பலேறுவர். முதல் வகுப்பினர் சிலரே. பெரும்பாலோர் தளத்தில்தான் பயணம் செய்தனர். தளப் பயணி என்றால் பாய் விரிக்குமளவு இடம். பெட்டிகளை அடுக்கியும் துணியைக் கட்டியும் எழுப்பிய மறைப்பு. பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசை.

இதில் பலர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. ஆகவே ஹஜ் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1924இலும் 1957இலும் ஹஜ் ஜூலை மாதத்தில் வந்தது. அவ்வாண்டுகளின் ஹாஜிகள் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கும் காலத்தில் பயணம் செய்ய நேர்ந்தது. 1974இன் இறுதியிலோ ஹஜ் டிசம்பரில் வந்தது. கடல் அடங்கியிருக்கும் காலம் அது. ஒரே கப்பல், ஒரே வழி, ஒரே வகுப்பு. ஆயினும் ஜூலையில் மழையும் அலையும் தெறிக்கும் தளமும், டிசம்பரில் இளங்காற்று வீசும் தளமும் ஒன்றாகா. அறையின் விலை அச்சிட்ட பட்டியலில் இருக்கலாம். அதன் மதிப்போ காலண்டரில் இருக்கிறது.

மற்றொன்று, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. ஹிஜாஸில் திரும்பும் கட்டணமின்றித் தவித்த இந்திய ஹாஜிகளின் துயரம் ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஏடுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அரசின்மேல் விழுந்தது. அதன் விளைவாகவே, 1920களில், ஹஜ் பயணி திரும்பும் சீட்டையும் முன்கூட்டியே வாங்க வேண்டும், அல்லது அதற்குரிய தொகையை வைப்பாகக் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஹஜ்ஜுக்குரிய சக்தி என்பது போவதற்கு மட்டுமன்று. திரும்பும் செலவும், திரும்பும்வரை வீட்டாரின் பராமரிப்பும் அதில் அடங்கும் என்று ஃபிக்ஹு முன்பே கூறியிருந்தது. அதையே சட்டம் தன் மொழியில் கூறிற்று. போகும் வழியில் அறைக்காகக் கொடுத்தது, திரும்பும் வழியின் உணவிலிருந்து எடுத்ததாக இருக்கலாகாது.

சபுராளிகளின் கணக்கு

வங்கக் கடலில் வேறொரு கணக்கு நடந்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறைப் பயணிகள் சில நூறுகூட இல்லை. நாகூர், காரைக்கால், கடையநல்லூர் என்று எத்தனையோ ஊர்களின் சபுராளிகள் அதன் தளத்தில்தான் பிழைப்பைத் தேடிச் சென்றனர். வாலிபர்கள், தனியாட்கள், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் கப்பலேறுமுன்பே எண்ணத் தொடங்கியவர்கள். அவர்களுக்குத் தளம் போதும். அதில் இழிவும் இல்லை.

ஆனால் இறங்கும் துறையில் ஒரு வேறுபாடு காத்திருந்தது. நோய்த் தடுப்பின் பெயரால் தளப் பயணிகளைப் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நிறுத்தி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அறைப் பயணிகளுக்குப் பெரும்பாலும் இத்தடை இல்லை. கிருமி சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, விதி பார்த்தது. இங்கே அறைக்கான தொகை கடலில் கிடைக்கும் சுகத்திற்கு மட்டுமன்று, கரையில் மிச்சமாகும் நாள்களுக்குமான விலையாயிற்று. கடை திறக்க வேண்டிய வணிகருக்கு அது இலாபம். கூலிக்குப் போகிறவருக்கு அந்த இலாபம் எட்டாத உயரத்தில் இருந்தது.

ரஜூலாவுக்குப் பின் அவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பற்றி உயிர்களைப் பலி கொண்டது. அத்துடன் அந்தக் கடற்பாதையும் மூடிற்று. இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995உடன் நின்றன. இன்று விமானத்தில் சில மணி நேரம்.

இன்றைய பயணிக்கு

ஆயினும் கேள்வி மறைந்துவிடவில்லை. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அடுக்குப் படுக்கைகள் நிறைந்த பொதுக்கூடமும் உண்டு, அறைகளும் உண்டு. மேலடுக்கில் ஏற இயலாத தாயாரும், இரவில் இருமுறை கழிப்பிடம் செல்ல வேண்டிய தந்தையாரும், கைக்குழந்தையுடைய மருமகளும் உடன் வருவாராயின், அறைக்குக் கொடுப்பது வீண்செலவன்று, மஹ்மிலின் செலவு. பருவமழைக் காலமாயின் அதன் மதிப்பு இன்னும் கூடும். குடும்பம் முழுவதற்கும் அறை எடுக்க இயலாதபோது, முதியோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கும் அறை எடுத்து, மற்றவர் பொதுக்கூடத்தில் வருவதே முறை. மஹ்மிலின் மறுபக்கத்தில் அமரும் அந்தத் துணையை மறந்து தாயாரை மட்டும் தனியறையில் இருத்துவது, பணம் செலவிட்டும் பயன் பெறாத செயல்.

ஓரிரவுப் பயணத்திற்கு, உடல் வலுவுள்ள இளைஞர் கடன் வாங்கி அறை எடுப்பதற்கு நம் வரலாற்றில் ஆதாரம் எதுவும் காணோம். அத்தொகை, போய்ச் சேரும் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கவோ, ஊரில் காத்திருப்போருக்கு ஒரு பொருள் வாங்கவோ உதவும். எந்தச் சீட்டாயினும் ஏறும்போது ஓதும் துஆ ஒன்றே. அதைக் கேட்பவனும் ஒருவனே.