சாயமும் குடல் நுண்ணுயிரும்

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பனியன் துணி ஒரு சோதனைக்கு உட்படுகிறது. துணியிலுள்ள சாயத்தைச் சோடியம் டைதயோனைட்டால் உடைத்துப் பார்க்கிறார்கள். சாயப்பட்டறைகளில் 'ஹைட்ரோஸ்' எனப்படுவது இதுதான். இதே உடைப்பு வேலையை நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் செய்கின்றன. இது எவ்வாறு தெரியவந்தது என்று பார்ப்போம்.

1858-இல் பீட்டர் கிரீஸ் கண்ட வேதிவினையிலிருந்து அசோ சாயங்கள் பிறந்தன. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பாலமாக நின்று மூலக்கூறின் பகுதிகளை இணைப்பதே இவற்றின் அடையாளம். 1895-இல் பிராங்க்பர்ட் மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைப் பணியாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை அறிவித்தார். சாயம் செய்யப் பயன்படும் பென்சிடீன் போன்ற அமீன்களே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அப்படியானால், செய்து முடித்த சாயத்தை மட்டும் கையாள்பவருக்கு ஆபத்தில்லை அல்லவா?

விடைக்கு வழிகாட்டியது ஒரு மருந்து. 1935-இல் டோமாக் வெளியிட்ட 'பிரான்டோசில்' ஒரு சிவப்பு அசோ சாயம். எலியின் உடலில் கிருமிகளை வென்ற அது, சோதனைக் குழாயில் பயனற்றுப் போயிற்று! உடலுக்குள் பாலம் உடைந்து சல்பனிலமைடு வெளிப்பட்ட பிறகே மருந்து வேலை செய்கிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் காட்டினர். குடல் பாக்டீரியாக்களே அசோ பாலத்தைப் பெருமளவில் உடைக்கின்றன எனப் பின்னாளில் தெரிந்தது.

பாலம் உடைந்து மருந்து வந்தால் நன்மை. பென்சிடீன் வந்தால் தீமை. அது குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றமுற்று, சிறுநீரோடு சிறுநீர்ப்பையை அடைகிறது. 1971-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் யோஷிடா என்ற மருத்துவர், கிமோனோப் பட்டில் வண்ணந்தீட்டுவோரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டார். தூரிகை முனையை நாவால் நனைத்துக் கூராக்குவது அவர்கள் வழக்கம்.

எல்லா அசோ சாயங்களும் தீய அமீன்களைத் தருவதில்லை. தருபவற்றை ஜெர்மனி 1994-இல் தடுத்தது. 1997-இல் இந்தியா 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோ துணிக்கு 30 மில்லிகிராம் அமீன் என்று வரம்பு கட்டியது.

இச்சோதனை துணியை அணிபவரைக் காக்கிறது. சாயத்தூளைக் கலக்குபவரை எது காக்கும்? பறக்கும் தூள் மூச்சோடும் சோற்றோடும் உட்செல்லும். உங்கள் வீட்டில் சாயப்பட்டறைக்குப் போகிறவர் உண்டா? முகமூடியும் கையுறையும் அணிய வேண்டும், கை கழுவாமல் உண்ணலாகாது, பெயர்ச்சீட்டில்லாத மலிவுச் சாயத்தைத் தொடலாகாது என்று அவரிடம் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.