கோல்ஃப் பழகுறீங்களா? தப்பு கிளப்பிலா, ஸ்விங்கிலா? பழைய செட்டில் எதை மாற்றணும்? முழு விவரம்

கோல்ஃப் பழக ஆரம்பிக்கும் பலரது கையில் முதலில் இருப்பது, மாமாவோ அலுவலக நண்பரோ கொடுத்த பழைய கிளப் செட்தான். பந்து நேராகப் போகாதபோது, 'இந்தப் பழசை வச்சு எப்படி ஆடுறது?' என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், புது டிரைவர் ஒன்றுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், அதே தவறு புது கிளப்பிலும் தொடரும். எதை முதலில் சரிசெய்யணும், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதைப் பார்க்கலாம்.

பந்து ஏன் வலது பக்கம் வளைகிறது?

வலது கை ஆட்டக்காரர்களில் புதியவர்கள் அதிகம் சந்திக்கும் பிரச்னை இதுதான். இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் பந்து கிளம்பும். கிளப் வீசப்படும் பாதை ஒரு பக்கமும், முகம் இன்னொரு பக்கமும் இருந்தால் பந்து சாய்வாகச் சுழன்று காற்றில் வளையும்.

ஸ்லைஸ் அடிப்பவர்கள் பலரும் செய்வது என்ன தெரியுமா? பந்து வலது பக்கம் போகிறதே என்று இன்னும் இடது பக்கமாகத் திரும்பி நின்று அடிப்பார்கள். இதனால் கிளப்பின் பாதை மேலும் இடது பக்கமாகப் போகும். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் கூடி, வளைவும் அதிகமாகும்.

ஸ்விங்கில் முதலில் எதைப் பார்க்கணும்?

பிடி: கிளப்பைப் பிடித்தபடி கீழே பார்க்கும்போது இடது கையில் இரண்டு விரல் முட்டிகளாவது தெரியணும். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் கிளப் முகம் திறந்தபடி வர வாய்ப்பு அதிகம். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. மணிக்கட்டு இறுகினால் கிளப் வேகம் குறையும்.

பந்தின் இடம்: டிரைவர் அடிக்கும்போது பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கணும். குட்டையான அயர்ன், வெட்ஜ் கிளப்புகளுக்கு இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

உடல் திருப்பம்: கையால் மட்டும் வீசினால் தூரமும் வராது, முழங்கையும் வலிக்கும். பின்னால் போகும்போது தோள் நன்றாகத் திரும்பணும். அடித்து முடிக்கும்போது எடை முழுவதும் இடது காலில் இருக்கணும். முடிவில் வலது காலைத் தூக்கியும் தடுமாறாமல் நிற்க முடிந்தால், எடை சரியாக மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நிதானம்: பின்னால் போகும் நேரம் மெதுவாகவும், இறங்கும் நேரம் வேகமாகவும் இருப்பதுதான் நல்ல ஸ்விங். அவசரமாகப் பின்னால் இழுத்தால் எல்லாமே கலைந்துவிடும்.

செல்போனில் முன்புறம் இருந்து ஒன்று, பின்புறம் இலக்கை நோக்கி ஒன்று என இரண்டு ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் இவை எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

தவறு யாருடையது? ஒரு எளிய சோதனை

ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பெரிய புள்ளி வைத்து, அந்தப் பக்கம் கிளப்பை நோக்கி இருக்கும்படி வைத்து அடியுங்கள். கிளப் முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். பத்து பந்து அடித்து, ஒவ்வொரு முறையும் மை விழுந்த இடத்தைக் குறித்துவிட்டுத் துடையுங்கள்.

குறிகள் முகம் முழுக்கச் சிதறியிருந்தால் பிரச்னை ஸ்விங்கில்தான். கிளப்பை மாற்றிப் பயனில்லை. எல்லாக் குறிகளும் ஒரே ஓரத்தில் விழுந்தால், முதலில் பந்திலிருந்து நிற்கும் தூரத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே ஓரம்தான் என்றால், அந்த கிளப்பின் நீளம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

பழைய செட்டில் உண்மையிலேயே பழசாவது எது?

முதலில் கெடுவது கிரிப் ரப்பர். வெயிலும் வியர்வையும் பட்டு கெட்டியாகி வழுக்கும். வழுக்கும்போது கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். அது ஸ்விங்கையே கெடுத்துவிடும். புது கிளப் விலையோடு ஒப்பிட்டால் கிரிப் மாற்றும் செலவு மிகக் குறைவு. தொடர்ந்து ஆடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

அடுத்தது வெட்ஜ். மணலிலும் புல்லிலும் அடித்து அடித்து முகத்தில் உள்ள கோடுகள் தேய்ந்துபோனால், பந்து சுழலாமல் கிரீனைத் தாண்டி ஓடும். ஷாஃப்ட் தேயாது. ஆனால், வேகமாக வீசும் ஒருவருக்காக வாங்கிய விறைப்பான, கனமான ஷாஃப்ட், மெதுவாக வீசும் புதியவருக்குப் பொருந்தாது.

அயர்ன் செட், பட்டர் இரண்டும் பல ஆண்டுகள் உழைக்கும். பட்டர் என்பது குழிக்கு அருகில் பந்தை உருட்டும் கிளப். பிங் நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த 'ஆன்சர்' பட்டரின் வடிவம் இன்றும் பல நிறுவனங்களின் பட்டர்களில் தொடர்கிறது.

புது கிளப் என்றால் தூரம் கூடுமா?

பழைய மர டிரைவரிலிருந்து மாறினால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். தலை பெரிதாக இருப்பதால் நடுவில் படாத பந்தும் ஓரளவு நேராகப் போகும். ஆனால், டிரைவர் தலையின் அளவுக்கு 2004 முதல் 460 கன சென்டிமீட்டர் என்ற வரம்பு உள்ளது. முகத்தின் துள்ளலுக்கும் வரம்பு உண்டு. அதனால் பத்து, பதினைந்து ஆண்டு பழைய பெரிய தலை டிரைவர் ஒன்றும் குப்பை இல்லை. நடுவில் பட்டால் அதற்கும் புதியதற்கும் பெரிய இடைவெளி இருக்காது.

அயர்னில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய 7-ம் எண் அயர்னின் சாய்வு 35 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்று புதியவர்களுக்காக விற்கப்படும் பல 7-ம் எண் அயர்ன்களில் அது 30 டிகிரி அல்லது அதற்கும் குறைவு. அதாவது, பழைய 5-ம் எண் அயர்னின் சாய்வுக்கு அருகில்! கடையில் அடித்துப் பார்த்து 'அடேங்கப்பா, எவ்வளவு தூரம்!' என்று வியப்பதற்கு முன் சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்டுவிடுவது நல்லது.

தூரம் மட்டும்தான் முக்கியமா?

இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக், தன்னைவிட அதிக தூரம் அடித்தவர்களுக்கு நடுவே நான்காம் இடம் பிடித்தார். ஒரே ஒரு ஷாட்டில் பதக்கம் கைநழுவியது. அவருக்குக் கைகொடுத்தது பட்டிங். பார் 72 மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட் என்ற கணக்கில் 36 ஷாட், அதாவது பாதி ஆட்டம், கிரீனில்தான் நடக்கிறது.

அப்போ, எந்த வரிசையில் செலவு செய்வது?

1. பயிற்சியாளரிடம் சில வகுப்புகள்.
2. எல்லா கிளப்புக்கும் புது கிரிப்.
3. தேய்ந்த வெட்ஜ் இருந்தால் ஒரு புது வெட்ஜ்.
4. மர டிரைவரோ, பொருந்தாத ஷாஃப்டோ இருந்தால் நல்ல செகண்ட் ஹேண்ட் டிரைவர். அடிக்கவே வராத நீள அயர்ன்களுக்குப் பதில் ஒரு ஹைப்ரிட்.
5. அயர்ன் செட் கடைசியில். ஸ்விங் ஓரளவு நிலைத்த பிறகு அளவெடுத்து வாங்கினால்தான் அந்த அளவு நிலைக்கும்.

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிரைவர், ஹைப்ரிட், இரண்டு அயர்ன், இரண்டு வெட்ஜ், பட்டர் என ஏழு கிளப் இருந்தாலே பழகுபவருக்குப் போதும்.