நழுவும் நாதமும் பதிவறையும்: ஸ்டீல் கிட்டாரின் பயணத்தில் தயாரிப்பாளரின் இடம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து மறையும் தூரத்தில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387இல் கட்டினார். அண்ணாந்து பார்த்தால் தீர்த்தங்கரர் வரலாறுகள் விதானத்தில் வண்ணம் மங்கிக் கிடக்கின்றன. பாடுவதற்கு இடம் செய்து கொடுத்தவரின் பெயரைக் கல் இன்றும் காத்து நிற்கிறது. இசைத்தட்டின் வரலாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. வாசித்தவரை உலகம் கொண்டாடியது. இடம் செய்து கொடுத்தவரை, அதாவது தயாரிப்பாளரை, உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விட்டுவிட்டது. ஸ்டீல் கிட்டார் என்ற ஒரு வாத்தியத்தின் வழியாக அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முயல்கிறது இக்கட்டுரை.

ஹவாய்த் தீவுகளில் உள்ள லாயீ ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குகு என்ற பள்ளி மாணவர், 1880களின் இறுதியில், கிட்டாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் நரம்பை வருடி வாசிக்கும் முறையைக் கண்டார் என்பது பரவலாக ஏற்கப்படும் செய்தி. நமக்கு இந்த வருடல் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் பேசும் ஏகதந்திரி வீணையும் மெட்டில்லாமல், மூங்கில் துண்டை நரம்பின்மேல் நகர்த்தி வாசிக்கப்பட்டதுதான். தஞ்சைத் தரணியில் அதே முறை கோட்டுவாத்தியமாக வளர்ந்தது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்டவர். பிறகு மைசூர் சமஸ்தான வித்வான் நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி என்று பரம்பரை தொடர்ந்தது.

இந்த வாத்தியங்களின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கருங்காலிக் கட்டையோ எஃகுத் துண்டோ நரம்பின்மேல் நகரும்போது, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் உள்ள வழி முழுவதும் கேட்கிறது. கமகம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வழியில்தான் நடக்கிறது. ஆனால் மீட்டிய பிறகு வரும் அந்த இழைப்பு மெல்லியது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு மீட்டல் கேட்கும், இழைப்பு கேட்காது. ஆகவே இந்த வாத்தியத்துக்கு மேடையைவிட மைக் நெருங்கிய உறவாக அமைந்தது. மைக்கை எங்கே வைப்பது, யாரை உடன் வாசிக்க வைப்பது, எவ்வளவு நேரம் வாசிக்க விடுவது என்று முடிவு செய்பவர் தயாரிப்பாளர். அவர் காது சரியாக இல்லையென்றால் வித்வானின் உழைப்பு தட்டில் ஏறாது.

வாசிப்பது, தயாரிப்பது என்ற இந்த இரண்டு வேலைகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததற்கு அமெரிக்காவின் பீட் டிரேக் நல்ல உதாரணம். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 1959இல் நாஷ்வில் நகரம் போனார். டேமி வைனட், பாப் டிலன் போன்றவர்களின் தட்டுகளில் மிதிகட்டைகளால் சுருதி மாற்றும் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். 1964இல், கிட்டாரின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தம் வாய்க்குள் செலுத்தி, உதடசைவால் வாத்தியத்தையே பேச வைத்த ‘ஃபாரெவர்’ தட்டு பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அவருடைய உண்மையான வித்தை வேறு. பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் நுழைந்து, அடுத்த வரி தொடங்குவதற்குள் விலகிவிடுவார். நம் கச்சேரிகளில் நல்ல பிடில் வித்வான் செய்வதும் இதுதான்.

1970இல் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் தம் இசைத்தொகுப்புக்காக அவரை லண்டனுக்கு அழைத்தார். அங்கே ரிங்கோ ஸ்டாருக்கு நாட்டுப்புறப் பாணிப் பாடல்களில் ஆசை இருப்பதை டிரேக் கண்டுகொண்டார். ஒரு தொகுப்பை முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று பீட்டில்ஸ் வழியில் பழகிய ரிங்கோ நினைக்க, நாஷ்விலில் அது சில நாள் வேலைதான் என்று சொல்லி அழைத்துப்போனார். அந்த ஜூன் மாதக் கடைசியில் சில நாட்களிலேயே ‘போகூஸ் ஆஃப் புளூஸ்’ பதிவாகி முடிந்தது. எந்தப் பாட்டுக்கு யார் வாசிக்க வேண்டும் என்று பக்கவாத்தியக்காரராகவே வாழ்ந்தவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது. 1988இல் மறைந்த டிரேக்குக்கு நாட்டுப்புற இசையின் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது 2022இல்தான்.

இந்தியாவில் இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஹவாயன் கிட்டார் இங்கே வேரூன்றிய ஊர் கல்கத்தா. 1940களில் ஹவாய் இசைக் கலைஞர்களான டாவ் மோ குடும்பத்தினர் அங்கே தங்கி வாசித்தார்கள், கற்றும் கொடுத்தார்கள். கார்னி நிஸ்ஸின் குழு தட்டுகள் வெளியிட்டது. பின்னர் சுனில் கங்குலியின் கிட்டாரில் ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் வீடுவீடாகக் கேட்டன. எல்லாமே இனிமையானவை. ஆனாலும் ராக இசைக்கு இந்த வாத்தியம் தாங்குமா என்ற சந்தேகம் வித்வான்களிடம் இருந்துகொண்டே இருந்தது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் 1937இல் ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா. உஸ்தாத் அலி அக்பர் கானின் சீடர். கிட்டாரை மடியில் கிடத்தி, சுருதிக்கும் தாளத்துக்கும் மீட்டும் சிகாரி நரம்புகள் சேர்த்து, ஆலாபனையை அதில் நிறுத்திக் காட்டினார். அவருக்குப் பதிவறையில் வாய்த்த துணை ஜி. என். ஜோஷி. மராத்தி பாவ கீதங்களால் பெயர் பெற்ற பாடகரான ஜோஷி, 1938இல் எச்.எம்.வி. நிறுவனத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் மற்றவர்களின் குரலைத் தட்டில் ஏற்றும் பணியில் இருந்தார். மூன்று நிமிடம் சொச்சத்துக்குள் ராகத்தை மடித்து வைக்க வேண்டியிருந்த 78 சுழற்சித் தட்டின் நெருக்கடியை அறிந்தவர் அவர். பக்கத்துக்கு இருபது நிமிடம் தரும் எல்.பி. தட்டு வந்தபோது, அந்த நீளத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் த வேலி’ அதன் விளைவு. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், காப்ராவின் கிட்டார், மாணிக்ராவ் போபட்கரின் தபலா. ஒரு காஷ்மீர இடையனின் ஒரு நாள் பொழுது ஆஹிர் பைரவ், பீலு, பூப், தேஸ், பஹாடி என ராகங்களாக விரிகிறது. சந்தூரின் ஒலி துளித்துளியாக விழுந்து மறையும். குழலின் ஒலி மூச்சளவு நீளும். கிட்டாரின் இழைப்பு இரண்டுக்கும் நடுவே ஓடிக் கோக்கும். மூவருக்கும் அப்போது முப்பதை ஒட்டிய வயது. மூன்று வாத்தியங்களுமே ராக மேடைக்குத் தாமதமாக வந்தவை. இவற்றைச் சேர்த்து ஒரு முழுத் தட்டை நம்பி ஒப்படைத்த துணிச்சலை ஜோஷியின் சாதனையாகவே நான் கருதுகிறேன். மேடையில் ஒவ்வொரு கச்சேரியாக வெல்ல வேண்டியிருந்த வழக்கைப் பதிவறை ஒரே தட்டில் வென்றது.

அடுத்த பெரிய திருப்பத்திலும் தயாரிப்பாளரைத் தேடினால், இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர் எதிர்ப்படுகிறார். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1992 செப்டம்பரில் அவர், கிட்டாரை மாற்றியமைத்து மோகன வீணையாக்கிய விஸ்வ மோகன் பட்டையும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரையும் அங்குள்ள ஒரு தேவாலயத்தில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். அதற்குச் சற்று முன்புதான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்திருந்தார்கள். வாத்தியத்துக்கொரு மைக் என்று பிரிக்காமல், அந்த இடத்தின் எதிரொலியோடு சேர்த்தே நாதத்தைப் பிடித்தார். ‘எ மீட்டிங் பை த ரிவர்’ என்ற அந்தத் தொகுப்புக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது. கட்டடத்தையும் ஒரு வாத்தியமாகக் கேட்ட காது அது. திருப்பருத்திக்குன்றத்து மண்டபத்தில் நின்றபோது எனக்கு அந்தத் தட்டு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

1995இல் அதே வாட்டர் லில்லி வெளியிட்ட ‘மும்தாஜ் மஹால்’ தொகுப்பில் அமெரிக்க புளூஸ் பாடகர் தாஜ் மஹால் பாட, ஒரு பக்கம் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை, மறுபக்கம் நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரணின் சித்திரவீணை. சித்திரவீணை என்பது கோட்டுவாத்தியத்துக்கு இன்று வழங்கும் பெயர்.