கழிப்பறைக் கதவில் ஒரு சாம்பல் கிண்ணம்

விமானத்துக்குள் சிகரெட் பற்ற வைத்தால் அபராதம், வழக்கு, சமயத்தில் கைது வரைக்கும் போகும். கழிப்பறைக்குள் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி இருக்கிறது. அதில் கை வைப்பதும் குற்றம்தான். ஆனால் அதே கழிப்பறையின் கதவிலோ அதை ஒட்டியோ சின்னதாக ஒரு சாம்பல் கிண்ணம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய விமானம், கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. தொழிற்சாலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த விமானத்திலும் அது இருக்கும். இல்லாவிட்டால்தான் விதிமீறல்.

அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 1973 ஜூலை 11. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில், பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே ஒரு வயலில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 134 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது புகை. குப்பைத் தொட்டிக்குள் போட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சந்தேகித்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. ஓர் உத்தரவு போட்டது: கழிப்பறையில் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டு. கூடவே, கதவருகே சாம்பல் கிண்ணமும் வை.

முதல் வரி மட்டும் போதாதா? போதாது. தடையை மீறி ஒருத்தன் பிடிப்பான். பிடித்தவன் மாட்டிக்கொள்ளும் பயத்தில் துண்டை எங்கே போடுவான்? காகிதம் நிறைந்த குப்பைத் தொட்டியில். அவன் செய்வது தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்கு மிச்சம் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேர் ஏன் சாக வேண்டும்? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் இது பாலபாடம். பயனர் ஒழுங்காக நடந்துகொள்வார் என்று நம்பி எழுதிய நிரல் முதல் வாரத்திலேயே படுத்துவிடும். விமானப் பாதுகாப்பு விதிகளை எழுதியவர்கள் இதை எங்களுக்கு முன்பே, மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

சிகரெட் போய் வேப் வந்த பிறகு அந்தப் பாடம் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புகையில்லை, நெருப்பு உண்டு

மின் சிகரெட்டைச் சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹோன் லிக் 2003 வாக்கில் உருவாக்கினார். ஒரு சின்னக் கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். பேட்டரி சுருளைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும். எரிகிற எதுவும் இல்லை என்பதுதான் விற்பனைப் பேச்சு. உண்மையில் நெருப்பு வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. சிகரெட்டில் நுனியில் இருந்தது, வேப்பில் வயிற்றுக்குள் இருக்கிறது.

அந்த வயிற்றின் கதை எழுபதுகளில் ஆரம்பிக்கிறது. எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் உலோகத்தை வைத்து பேட்டரி செய்து பார்த்தார். ஆய்வகத்தில் திரும்பத் திரும்பத் தீப்பிடித்தது. லித்தியம் தீயை அணைக்கத் தனி ரசாயனம் வேண்டும், இனி அதற்கான காசை நீங்களே கொடுங்கள் என்று தீயணைப்புப் படையினர் மிரட்டும் அளவுக்குப் போனது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டுவந்தார். ஜப்பானில் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். பிறகு ஒரு பெரிய இரும்புக் கட்டியை அதன்மேல் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் உலோக பேட்டரிமேல் போட்டபோது அது வெடித்தது. லித்தியம் அயன் பேட்டரி அந்தக் கணத்தில்தான் பிறந்தது என்று யோஷினோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது இன்று நம் பையில் இருப்பது, அதன் முன்னோரோடு ஒப்பிட்டால் சாது. ஆனால் சாதுவுக்கும் ஒரு எல்லை உண்டு. பேட்டரியின் இரண்டு துருவங்களையும் பிரித்து வைப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. கீழே விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஆனாலோ, தயாரிப்பிலேயே குறை இருந்தாலோ அந்தச் சவ்வு கிழியலாம். உள்ளுக்குள் ஷார்ட் ஆகும், சூடு ஏறும். சூடு ஏற ஏற ரசாயன வினைகள் வேகமாகும், அவை இன்னும் சூட்டைக் கக்கும். தெர்மல் ரன்அவே என்பார்கள். கடிவாளம் அறுந்த சூடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு செல் போனால் அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லும் போகும்.

துபாய், 2010

இது விமானத்தில் நடந்தால் என்னவாகும் என்பதற்கான முதல் பெரிய எச்சரிக்கை தரையில்தான் கிடைத்தது. 1999 ஏப்ரலில் ஒசாகாவிலிருந்து பயணிகள் விமானத்தில் வந்த லித்தியம் பேட்டரிச் சரக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் இறக்கி வைத்த பிறகு தீப்பிடித்தது. அணைத்தார்கள், மறுபடி பற்றிக்கொண்டது. சில மணி நேரம் முந்தியிருந்தால் அது பசிபிக் கடலுக்கு மேலே நடந்திருக்கும்.

2010 செப்டம்பர் 3 அன்று வானத்திலேயே நடந்தது. துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குப் புறப்பட்ட யு.பி.எஸ். சரக்கு விமானம், போயிங் 747. உள்ளே இரண்டே பேர். சரக்கில் 80,000-க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள். கிளம்பி 22-வது நிமிடத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தது. விமானத்தைத் துபாய்க்கே திருப்பினார்கள். சீக்கிரமே விமானி அறை புகையால் நிறைந்தது. கேப்டனின் ஆக்ஸிஜன் நின்றுபோனது, அவர் இருக்கையை விட்டு எழுந்து போனார், திரும்பவில்லை. துணை விமானி தனியாக, எதிரே இருக்கும் கருவிகள்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டினார். கட்டுப்பாட்டு அறையோடு நேராகப் பேச முடியாமல், பக்கத்தில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் செய்தியைக் கைமாற்றிக் கொடுத்தன. துபாய் நிலையத்தின் மேலேயே பறந்து கடந்து, அதற்கப்பால் விழுந்தார். கிளம்பியதிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பயணிகள் விமானங்களின் சரக்கறையில் ஹாலான் என்கிற தீயணைப்பு வாயு இருக்கும். துணி, காகிதம், அட்டைப்பெட்டி எரிந்தால் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அது ஜுவாலையை அடக்குமே தவிர, சூட்டைத் தணிக்காது. கடிவாளம் அறுந்த பேட்டரிக்குத் தேவை குளிர்ச்சி. சூடு இருக்கிற வரைக்கும் அடுத்த செல், அதற்கடுத்த செல் என்று போய்க்கொண்டே இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீர்தான் சரி. யாராவது ஊற்ற வேண்டும். சரக்கறையில் யார் இருக்கிறார்கள்?

நம்மில் பல பேருக்கு இருக்கிற குழப்பம் இங்கேதான் தீர்கிறது. "இவ்வளவு ஆபத்தான சாமானை ஏன் என் மடியில் வெச்சுக்கச் சொல்றாங்க? கீழே போட்டா நல்லதுதானே?" மடியில் வைக்கச் சொல்வதே அது ஆபத்தான சாமான் என்பதால்தான். மடியில் புகைந்தால் நீங்கள் கத்துவீர்கள். உங்கள் கத்தலுக்கு ஈடான கருவி சரக்கறையில் இல்லை.

பாஸ்டன், சென்னை, பூசான்

2014 ஆகஸ்டில் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் ஒரு விமானத்தின் சரக்கறையில் தீ. செக்-இன் பெட்டிக்குள் இருந்த மின் சிகரெட்தான் காரணம். நல்லவேளையாக விமானம் தரையில் இருந்தது, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். 2015 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பெட்டி சாமான் பகுதியில் எரிந்தது. அதற்குள்ளும் மின் சிகரெட். தவறவிடாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருடம் ஜூனில் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, செக்-இன் பெட்டியில் மின் சிகரெட் கூடாது, விமானத்துக்குள் அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது என்று விதித்தது.

மின் சிகரெட்டை ஏன் தனியாகக் குறிவைத்தார்கள்? போனும் லேப்டாப்பும் சூடாவது பக்க விளைவுதான். வேப் சூடாவதற்கென்றே செய்த பொருள். பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே பொத்தான் அமுங்கிவிட்டால் அது தன் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும்.

கேபினில் இருந்தால் என்ன வித்தியாசம் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2016 செப்டம்பர் 23, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம். மேல் பெட்டியிலிருந்து புகை நாற்றம் வருவதைப் பயணிகள் கவனித்துச் சொன்னார்கள். உள்ளே ஒரு சாம்சங் நோட் 2 போன். விமானப் பணியாளர்கள் தீயணைப்பானை அடித்தார்கள், பிறகு போனைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிப்பறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. ஒரு மூக்கு, ஒரு குரல், ஒரு பாத்திரம் தண்ணீர். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கேபினிலும் தாமதமாகக் கண்ணில் பட்டால் கதை வேறு. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் மேல் பெட்டிக்குள் தீப்பிடித்தது. 176 பேரும் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். மார்ச் 1 முதல் பவர் பேங்கை மேல் பெட்டியில் வைக்கக் கூடாது என்றது கொரியா. சரக்கறையிலிருந்து கேபினுக்கு, மேல் பெட்டியிலிருந்து கைக்கெட்டும் தூரத்துக்கு. ஒவ்வொரு விபத்துக்கும் பேட்டரி மனிதனை நெருங்கி வந்திருக்கிறது.

ஒளித்து வைத்தவனின் பெட்டி

சிக்கல் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: வைத்திருப்பவன் அதைக் கையில் வைத்திருப்பான், கேட்டால் சொல்வான். வேப் விஷயத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

2019-ல் ஐக்கிய அரபு அமீரகம் மின் சிகரெட் விற்பனையை அனுமதித்தது. அதே 2019-ல் இந்தியா அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் தடை செய்தது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். துபாயில் கடையில் வெளிப்படையாக வாங்கிய பொருள் திருச்சியில் இறங்கும்போது கடத்தல் சரக்கு மாதிரி ஆகிவிடுகிறது. அதை விட மனசில்லாத ஒருவர் என்ன செய்வார்? கைப்பையில் வைத்தால் ஸ்கேனரில் மாட்டும், கேட்பார்கள். பெரிய பெட்டியில், ஜீன்ஸுக்குள் சுருட்டி வைத்தால்? ஒரு சாதனத்தை வைக்கவே கூடாத ஒரே இடத்துக்கு அவருடைய பயமே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1973-ன் குப்பைத் தொட்டி திரும்பி வந்துவிட்டது, இந்த முறை சரக்கறையில்.

தடை தப்பு என்று சொல்ல வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கைக்கு நிக்கோட்டின் போவதைத் தடுக்க ஓர் அரசு முயல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடைச் சட்டத்தை எழுதியவர்கள் விமான நிலையத்தையும் யோசித்துச் சாம்பல் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்திருக்கலாம். பெட்டி போடும் கவுன்ட்டருக்கு முன்னால், கேள்வி கேட்காமல், வழக்குப் போடாமல் போட்டுவிட்டுப் போக ஒரு தீப்பிடிக்காத பெட்டி. தப்பு செய்தவனை மன்னிப்பதற்காக அல்ல, அவனோடு பறக்கப்போகிற 180 பேருக்காக.

மீறுகிறவர்கள் பயணிகள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து தாலியனுக்குப் போன ஏர் சைனா விமானத்தில் துணை விமானியே மின் சிகரெட் பிடித்தார். ஆவி கேபினுக்குள் போகாமல் இருக்கக் காற்றுச் சுழற்சி விசிறியை நிறுத்தப்போய், கேப்டனிடம் சொல்லாமல் பக்கத்திலிருந்த குளிர்சாதன அமைப்பை நிறுத்திவிட்டார். காற்றழுத்தம் குறைந்தது, ஆக்ஸிஜன் முகமூடிகள் விழுந்தன, விமானம் சுமார் 25,000 அடி கீழே இறங்கியது. விதி தெரியாதவர் இல்லை அவர். ஒளித்துச் செய்ய நினைத்தவர்.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் சிக்கலானது இல்லை. அனுமதி இல்லாத நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் வேப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இருக்கும் இடத்தில் அணைத்து, பொத்தான் அமுங்காதபடி உறைக்குள் போட்டு, உடம்போடோ கைப்பையிலோ வையுங்கள். உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு சேர்க்காதீர்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 20-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வருகிறது, பரவாயில்லை. மேலே இடமில்லை என்று வாசலில் உங்கள் கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கிக்கொண்டால், கொடுப்பதற்கு முன் பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

கவுன்ட்டரில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல், ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கும் குரலில் கேட்பார்: "பேட்டரி, பவர் பேங்க் ஏதாவது உள்ளே இருக்கா சார்?" நமக்கும் பழக்க தோஷத்தில் "இல்லைங்க" என்று வாய் வந்துவிடும். ஒரு நொடி நில்லுங்கள். சரக்கறைக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது அந்தக் கேள்வியும் அதற்கு நீங்கள் சொல்லும் பதிலும்தான்.