அடமானக் கடன் கூட்டு வழக்குகள் (ஐக்கிய அமெரிக்கா)

அடமானக் கடன் கூட்டு வழக்கு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வீட்டை அடமானமாக வைத்துக் கடன் பெற்றோர், அக்கடனை நிருவகிக்கும் நிறுவனத்தின் மீது ஒன்றுசேர்ந்து இழப்பீடு கோரித் தொடுக்கும் உரிமையியல் வழக்கு ஆகும். ஒருவரோ சிலரோ, தம்மைப் போலவே பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் இவ்வழக்கைத் தொடுப்பர். தீர்ப்பும் உடன்படிக்கையும் வழக்கு மன்றத்திற்கு வராத மற்றவர்களையும் கட்டுப்படுத்தும்.

கடன் நிருவாக நிறுவனம்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் வழங்கும் வங்கி அக்கடனைப் பெரும்பாலும் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுகிறது. அதன் பின் மாதத் தவணையைப் பெறுவது, சொத்து வரியையும் காப்புறுதிக் கட்டணத்தையும் எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கிலிருந்து செலுத்துவது, தவணை தவறினால் வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவருவது ஆகியவற்றைக் கடன் நிருவாக நிறுவனம் கவனிக்கிறது. இந்நிறுவனத்தைக் கடன் பெற்றவர் தேர்ந்தெடுக்க இயலாது. நிருவாகம் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டால், பொதுவாக 15 நாட்களுக்கு முன் அவருக்கு அறிவிப்பு அனுப்பப்படும், அவ்வளவே. நிறுவனத்தின் வருவாய், நிலுவைத் தொகையில் ஒரு சிறு விழுக்காடும், தாமதக் கட்டணம் போன்ற இதர கட்டணங்களும் ஆகும். தவணை தவறுவோரிடமிருந்தே கூடுதல் கட்டணம் கிடைக்கும் இவ்வமைப்பு பல முறைகேடுகளுக்கு வித்திட்டது எனலாம்.

வழக்கிற்குரிய காரணங்கள்

உரிய நாளில் வந்த தவணையைத் தாமதமாகப் பதிவு செய்து தாமதக் கட்டணம் விதித்தல் பழைய முறைகேடுகளுள் ஒன்று. மற்றொன்று கட்டாயக் காப்புறுதி. வீட்டுக்குக் காப்புறுதி இல்லையெனில் நிறுவனமே ஒன்றை வாங்கி அதன் செலவைக் கடனில் சேர்க்கலாம். ஆனால் காப்புறுதி உள்ளவர்கள் மீதும் இது சுமத்தப்பட்டதாகவும், காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து தரகு பெறப்பட்டதாகவும் வழக்குகள் எழுந்தன. தொலைபேசியிலோ இணையத்திலோ தவணை செலுத்துவதற்குத் தனிக் கட்டணம் பெறுவதும் வழக்கிற்குள்ளானது. இவ்வாறு 5 டாலர் பெற்ற காரிங்டன் நிறுவனத்திற்கு எதிராக, மேரிலாந்து மாநிலச் சட்டத்தின் அடிப்படையில், நான்காம் வட்ட மேல்முறையீட்டு மன்றம் 2022 சனவரியில் தீர்ப்பளித்தது.

ஐந்து டாலருக்காக எவரும் தனியே வழக்கறிஞரை அமர்த்துவதில்லை. ஆயிரக்கணக்கானோரின் ஐந்து டாலர்கள் ஒன்றுசேரும்போதுதான் வழக்கு நடத்தும் செலவுக்கு ஈடாகிறது. கூட்டு வழக்கின் பயன் இதுவே.

நடைமுறை

கூட்டாட்சி நீதிமன்றங்களில் இவ்வழக்குகளை உரிமையியல் நடைமுறை விதி 23 நெறிப்படுத்துகிறது. இது 1966இல் விரிவாகத் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டோர் மிகப் பலராக இருத்தல், அனைவருக்கும் பொதுவான கேள்வி இருத்தல், வழக்கு தொடுப்பவரின் கோரிக்கை மற்றவர்களின் கோரிக்கையை ஒத்திருத்தல், அவர்களது நலனை அவர் முறையாகக் காக்க வல்லவராக இருத்தல் ஆகியவற்றை நீதிபதி ஆராய்வார். பணம் கோரும் வழக்குகளில், பொதுவான கேள்விகள் தனித்தனிக் கேள்விகளை விட மேலோங்கி நிற்கவும் வேண்டும்.

உடன்படிக்கை ஏற்பட்டால் வீட்டு உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். அவர் விலகிக்கொள்ளலாம், ஆட்சேபிக்கலாம், அல்லது கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். ஒன்றும் செய்யாதிருப்பவர் வழக்கிற்கு உட்பட்டவராகவே கருதப்படுவார். படிவம் தேவைப்படும் உடன்படிக்கைகளில் இவருக்குப் பணமும் வராது. பின்னர் தனியே வழக்கிடும் உரிமையும் போய்விடும். விளம்பரக் கடிதம் என்று நினைத்து உறையைப் பிரிக்காமல் எறிபவர் இழப்பது இதனையே. வழக்கறிஞர் கட்டணத்தையும் உடன்படிக்கையின் நியாயத்தையும் நீதிபதியே இறுதியில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில உடன்படிக்கைகள்

2003 நவம்பரில் ஃபேர்பேங்க்ஸ் கேப்பிட்டல் நிறுவனம், கூட்டாட்சி வணிக ஆணையத்துடனும் வீட்டுவசதித் துறையுடனும் செய்த உடன்படிக்கையில் 4 கோடி டாலர் செலுத்த இசைந்தது. தாமதப் பதிவும் தேவையற்ற காப்புறுதியும் அதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டுகள். கட்டாயக் காப்புறுதி தொடர்பாக ஜேபி மார்கன் சேஸ் வங்கியும் அசூரன்ட் நிறுவனமும் செய்துகொண்ட உடன்படிக்கையைப் புளோரிடாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் ஏற்றது. கோரிக்கை அனுப்பியவர்களுக்கு, விதிக்கப்பட்ட கட்டணத்தில் 12.5 விழுக்காடு திருப்பித் தரப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

அரசு வழியாகக் கிடைத்த இழப்பீடுகள் கூட்டு வழக்குகளிலிருந்து வேறுபட்டவை. 2012இல் 49 மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் ஐந்து பெரிய நிறுவனங்களுடன் 2,500 கோடி டாலர் மதிப்புள்ள உடன்படிக்கை செய்தன. 2013இல் வங்கி மேற்பார்வை அமைப்புகளின் ஏற்பாட்டின்படி, ஏறத்தாழ 42 இலட்சம் பேருக்கு 300 முதல் 1,25,000 டாலர் வரை காசோலைகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறு தொகைகளே. முதலில் அனுப்பப்பட்டவற்றுள் சில, கணக்கில் பணமில்லை என்று வங்கியில் திரும்பின! எனினும், இக்காசோலையைப் பெற்றவர் வழக்கிடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டை இழந்தோர்

சிறு கட்டணங்களை மீட்கப் பொருத்தமான இம்முறை, வீட்டையே இழந்தவர்களுக்கு எளிதில் உதவுவதில்லை. ஒவ்வொருவரின் வருமானம், அனுப்பிய ஆவணங்கள், பெற்ற பதில்கள் யாவும் வேறுபடும் என்பதே காரணம். 2009இல் தொடங்கிய கூட்டாட்சிக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ், சோதனைத் தவணைகளைச் செலுத்திய பின்னும் நிலையான மறுசீரமைப்பு கிடைக்கவில்லை என்று பலர் பேங்க் ஆஃப் அமெரிக்கா மீது வழக்கிட்டனர். 2013இல் மாசச்சூசெட்சு கூட்டாட்சி நீதிமன்றம் இதனைக் கூட்டு வழக்காக ஏற்க மறுத்தது. தனித்தனி விவரங்களை ஆராயாமல் தீர்ப்பளிக்க இயலாது என்பது அதன் கருத்து.

வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் மீதான வழக்கு இதற்கு மாறானது. கடன் மறுசீரமைப்புத் தகுதியைக் கணக்கிடும் மென்பொருள் வழக்கறிஞர் கட்டணத்தைப் பிழையாகக் கணக்கிட்டதால், தகுதியுடைய ஏறத்தாழ 870 பேருக்கு மறுசீரமைப்பு மறுக்கப்பட்டது அல்லது வழங்கப்படவில்லை என்றும், அவர்களுள் 545 பேரின் வீடுகள் பறிபோயின என்றும் 2018இல் அவ்வங்கியே அறிவித்தது. அனைவரையும் பாதித்தது ஒரே கணக்குப் பிழை என்பதால் பொதுவான கேள்வியைத் தேட வேண்டியிருக்கவில்லை. கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2020 சனவரியில் வீடு இழந்தோரின் வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்றது. அவ்வாண்டிலேயே 1 கோடியே 85 இலட்சம் டாலருக்கு உடன்படிக்கை ஏற்பட்டது.