குட்டி யானை: ஓட்டுநரை முதலாளி ஆக்கிய வண்டி

தமிழ்நாட்டில் வீடு மாற்றுவது என்றால் முதலில் வரும் கேள்வி, "குட்டி யானை போதுமா, லாரி வேண்டுமா?" என்பதுதான். அந்தக் குட்டி யானையின் நிஜப் பெயர் டாடா ஏஸ். 2005 மே மாதம் விற்பனைக்கு வந்த இந்தச் சின்ன வண்டியின் கதை ஒரு பெரிய நஷ்டத்தில் தொடங்குகிறது.

2000-01 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் (அப்போது அதன் பெயர் டெல்கோ) சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம் அடைந்தது. பெரிய லாரிகளை மட்டும் நம்பினால், நாட்டின் பொருளாதாரம் படுக்கும் போதெல்லாம் நிறுவனமும் படுத்துவிடும் என்பது புரிந்தது. அதே சமயம் தங்க நாற்கரச் சாலைகள் போடப்பட்டுக் கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஓடும், சரி. பகலில் லாரி நுழைய முடியாத கடைவீதிக்குச் சரக்கை யார் கொண்டு போவது? அந்த வேலையை மூன்று சக்கர லோடு ஆட்டோக்கள்தான் செய்து வந்தன.

கிரீஷ் வாக் என்ற பொறியாளரின் குழு, அந்த ஆட்டோ ஓட்டுநர்களிடமே போய்ப் பேசியது. அவர்களில் ஓர் இளைஞர், நான்கு சக்கர வண்டி இருந்தால் ஊரில் பெண் கிடைப்பது சுலபம் என்றாராம். சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது. அவர்கள் தேடியது சரக்கு ஏற்ற ஒரு பெட்டியை மட்டும் அல்ல, மரியாதையையும்தான்!

விலையைக் குறைக்க, இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கி 702 சிசி எஞ்சின் செய்தார்கள். சக்தி வெறும் 16 குதிரைத்திறன், ஏற்றக்கூடிய எடை 750 கிலோ, விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய். இரண்டே ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் வண்டிகள் விற்றன. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் 'தோஸ்த்' போட்டிக்கு வந்தது.

ஆனால் கம்பெனி விற்றது ஒரு கேபினையும் பின்னால் ஒரு தொட்டியையும் மட்டுமே. அதைத் தொழிலுக்கு ஏற்ற வண்டியாக மாற்றியவர்கள் வாங்கியவர்களும் உள்ளூர் பட்டறைக்காரர்களும்தான். கோழி ஏற்றுபவர் கம்பிக் கூண்டு அடித்தார். தண்ணீர் கேன் போடுபவர் அடுக்குத் தட்டு வைத்தார். காய்கறிக்காரர் உயரமான கிராதியும் ஒலிபெருக்கியும் மாட்டினார். சிலர் அதையே டிபன் கடை ஆக்கினார்கள். 2021 மே மாத முழு ஊரடங்கில் கடைகள் மூடியபோது, தமிழகத் தெருக்களுக்குக் காய்கறி கொண்டு வந்தவை இப்படிப்பட்ட வண்டிகளே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கூடுதல் பட்டை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டை பாரத்தைத் தாங்கலாம், பிரேக் தாங்குமா? பதிவுச் சான்றில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இப்படிப்பட்ட காரணங்களைத்தான்.

உரிமம் விஷயத்திலும் இதே சண்டை நடந்தது. ஓட்டியவரிடம் இலகுரக வாகன உரிமம்தான் இருக்கிறது, சரக்கு வண்டிக்கான தனி அனுமதி இல்லை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் நஷ்டஈடு தர மறுத்தன. 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு அந்த உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

டாடாவின் கணக்குப்படி 20 ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் அதிகமான ஏஸ் வண்டிகள் விற்றுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தவணையில் வாங்கியவை. சம்பளத்துக்கு ஓட்டியவர் சொந்த வண்டிக்காரர் ஆனார். கூடவே டீசல் விலை, தேய்மானம், வட்டி எல்லாம் அவர் தலையில் ஏறின. வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. முதலாளி என்ற பட்டத்துக்கு அவர் கொடுக்கும் விலை அதுதான். தெரிந்தேதான் கொடுக்கிறார். வண்டியின் முன் கண்ணாடியில் முதலாளியின் பெயருக்குப் பதிலாகத் தன் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ள முடிகிறதே!