ஒரு ஓட்டை மாறினால் சேலையே போச்சு! கோடிங்கில் தப்பைப் பிடிக்கும் 'ஹூகுள்', 'குயிக்செக்'... எப்படி வேலை செய்கின்றன?

காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சுற்றும் அட்டைகளின் ஓட்டைகள்தான் பார்டரில் மயில் வரணுமா, மாங்காய் வரணுமா என்று தறிக்குச் சொல்கின்றன. ஒரு ஓட்டை இடம் மாறினால், அந்த அட்டை வரும்போதெல்லாம் அதே தப்பு விழும். பட்டும் ஜரிகையும் வீண். அதனால் அட்டையை நெய்வதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

பணம் அனுப்பும் ஆப்களின் கோடிலும் இதே கதைதான். பெங்களூரின் ஜஸ்பே நிறுவனம் பேமென்ட் சேவைகளுக்கு 'ஹாஸ்கெல்' மொழியைப் பயன்படுத்துகிறது. 'நம்ம யாத்ரி' ஆட்டோ ஆப்பின் பின்னணி கோடும் ஹாஸ்கெல்தான். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ்.

ஹாஸ்கெல் என்பது என்ன?

1990-ல் வெளிவந்த ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழி. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஃபங்ஷன் எப்போதும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பது இதன் அடிப்படை. இந்தக் கறார்தான் தேடுவதையும் சோதிப்பதையும் சுலபமாக்குகிறது.

ஹூகுள்: பெயர் தெரியாமலே தேடலாம்

நீல் மிட்செல் உருவாக்கிய தேடுபொறி இது. ஃபங்ஷன் பெயர் ஞாபகம் இல்லையா? "எண்களின் பட்டியல் கொடுப்பேன், ஒரே எண் வேண்டும்" என்று அதன் 'டைப்'பை மட்டும் எழுதினால் போதும். கூட்டுத்தொகை, மிகப்பெரிய எண் என்று பொருந்துகிற ஃபங்ஷன்களை எடுத்துக் காட்டும். கணினியில் நிறுவிக்கொண்டால் நெட் இல்லாமலும் தேடலாம். அவரே எழுதிய 'எச்லின்ட்', சுற்றி வளைத்து எழுதிய கோடைச் சுருக்க யோசனை சொல்லும்.

குயிக்செக்: விதியைச் சொன்னால் போதும்

கோன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் 2000-ல் அறிமுகப்படுத்திய கருவி இது. ஒரு பட்டுக்கடை பில்லை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பொருளுக்கும் 200 ரூபாய் தள்ளுபடி என்று கோட் எழுதுகிறீர்கள். 15,000 ரூபாய் சேலைக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வரும். குயிக்செக்கிடம் "பில் தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது" என்ற விதியை மட்டும் சொல்லுங்கள். வழக்கமாக 100 முறை, தானாகவே கண்டபடி விலைகளைப் போட்டுப் பார்க்கும். 57 ரூபாய் கைக்குட்டையில் மாட்டிக்கொள்ளும்! அதோடு விடாது, தப்பு வரும் மிகச் சிறிய விலையைத் தேடிக்கொண்டே இறங்கி, 1 ரூபாயில் வந்து நிற்கும். அதாவது 1 ரூபாய்க்கு வாங்கியவருக்குக் கடை 199 ரூபாய் தர வேண்டும்.

100 முறை பாஸ் ஆனால் தப்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. நீங்கள் சொன்ன விதியே தப்பாக இருந்தால் குயிக்செக் ஒன்றும் செய்ய முடியாது. கணக்குப் பாடம் போல முழுசாக நிரூபிக்க 'அக்டா', 'லீன்' என்று வேறு கருவிகள் உண்டு. கற்க அதிக நாள் பிடிக்கும்.

நம்ம மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

எல்லாமே இலவசம். கல்லூரியில் பைத்தான் படிப்பவர்கள், குயிக்செக் பாணியில் வந்த 'ஹைப்பாதிஸிஸ்' கருவியை முயற்சிக்கலாம். சந்தேகம் கேட்கணுமா? காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடி, கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசுகிறது. தமிழிலேயே கேட்கலாம்.